நூற்று இருபது கரித்துண்டுகள்

சம்பளத்துக்கு மறுநாள் சாயங்காலம் நாங்கள் ஒன்பது பெண்கள் வேலாயி வீட்டு அடுப்படியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். வேலாயி இல்லை. அவளைப் புதைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. பரண்மேல் இருந்த பிஸ்கட் டின்னை அவள் புருஷன் நல்லுசாமி இறக்கிக் கொண்டுவந்து தரையில் வைத்தார். மூடி இறுகிப் போயிருந்ததால் கரண்டிக் காம்பை விட்டு நெம்பித் திறந்தார். உள்ளே ஓர் ஐந்து வெள்ளி நோட்டும் ஒரு வெள்ளி நோட்டும் கிடந்தன. நல்லுசாமி டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். கொஞ்சம் துருதான் உதிர்ந்தது.

"ஆறு வெள்ளியா?" என்றாள் பாஞ்சாலை.

இந்த டின்னின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கீழ் லயத்து வரிசை வீடுகளில் பத்துப் பெண்கள் சேர்ந்து நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. சம்பளம் போட்ட மறுநாள் அவரவரால் முடிந்ததை அதில் போடுவோம். இரண்டு வெள்ளியும் போடலாம், ஐந்தும் போடலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு தாப்பா ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தால், பள்ளிக்கூடத்துச் சட்டை வாங்க வேண்டியிருந்தால், வேலாயியிடம் போய் நின்றால் போதும். டின்னை இறக்கித் தருவாள். வட்டி கிடையாது, கையெழுத்து கிடையாது, எப்போது திருப்புவாய் என்ற கேள்வியும் கிடையாது. கெடாய்க்காரனிடம், அதுதான் மளிகைக் கடைக்காரனிடம், கைநீட்டி, அவன் ஒன்றுக்கு இரண்டாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற காலம் அதோடு முடிந்தது.

எடுத்ததைவிட அதிகம் போட்டிருப்பவளுக்கு மேடு. போட்டதைவிட அதிகம் எடுத்திருப்பவளுக்குப் பள்ளம். மலைச்சரிவில் பிறந்து மலைச்சரிவிலேயே நடக்கிறவர்களுக்கு வேறு என்ன வார்த்தை வரும். எனக்குப் பத்து மேடு, எனக்கு இருபது பள்ளம் என்று மனசுக்குள் வைத்துக்கொள்வோம். அடுத்தவள் பள்ளத்தை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். எடுப்பதை வேலாயிகூடப் பார்க்க மாட்டாள். டின்னை நம் கையில் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். வேண்டியதை எடுத்துக்கொண்டு எவ்வளவு என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். பாஞ்சாலை தன் கணக்கைக் கதவுக்குப் பின்னால் கோடாகப் போட்டு வைத்திருந்தாள். தெரசம்மாள் கோயில் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள். நான் மனசிலேயே வைத்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத வேலாயி பத்துப் பேர் கணக்கையும் தலைக்குள் வைத்திருந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. தலையோடு கணக்கும் போய்விட்டது.

இல்லை என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை என்பதால் டின் எப்போதும் வற்றாது என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். நானும் என் மூத்தவனுக்கு மழைச்சட்டை வாங்கலாம் என்ற நினைப்போடு போயிருந்தேன்.

"செத்தவள குத்தம் சொல்லக் கூடாதுதான்," என்றாள் பாஞ்சாலை. "ஆனா நாலு வருசத்துக் காசு. கணக்குத் தெரியாம இந்த வீட்டுல நான் கருமாதிச் சோறு திங்க மாட்டேன்."

புள்ள நிக்கிறா, வாய அடக்கு என்று அவளை அதட்டினேன். ஆனால் மற்றவர்கள் யாரும் என்னோடு சேர்ந்து அதட்டவில்லை. கருமாதிக்கு லயத்துப் பெண்கள் வந்து உண்ணாவிட்டால் அந்த வீடு தனித்துப் போகும். நாளைக்கு அந்த வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் வாசலில் ஆள் சேராது. நல்லுசாமிக்கு அது தெரியும். டின்னை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

வேலாயியின் மகள் நீலாவதி கதவோரம் நின்றிருந்தாள். பதினேழு வயசு. தானா ராத்தாவுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பாரம் திரி, ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வழியில்லாமல் அம்மாவோடு கொழுந்து பறிக்க வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு நேர் எதிர். வேலாயி பேசிக்கொண்டே பறிப்பாள். இவள் ஒரு வரிசை முடிகிறவரை உதட்டைப் பிரிக்க மாட்டாள்.

"பெரியம்மா, ஞாயித்துக்கெழமை கணக்கு சொல்லிடறேன்," என்றாள்.

"எந்தக் கணக்கு? உங்கம்மா மண்டைக்குள்ள இருந்த கணக்கையா?"

"ஆமா. அதத்தான்."

பாஞ்சாலை என்னைப் பார்த்தாள். நான் பிள்ளைக்குத் துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை எங்களுக்கு உச்சி மலையில் வேலை. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடித்துக் கங்காணி ஏற்றிவிட்டார். லோரி போக அங்கே புதுச் சாலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண் தள்ளும் இயந்திரம் மேட்டைச் சுரண்டிச் சுரண்டிச் சரிவில் தள்ளியது. மேலே சிவப்பாக ஒரு காயம் மாதிரி மலை திறந்திருந்தது, கீழே அதே சிவப்பில் திட்டாக மண் குவிந்து வந்தது. பனி விலகிக்கொண்டிருந்த நேரம். நீலாவதி பறிப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கங்காணி பார்த்தால் கத்துவார் என்று அவள் பக்கத்து வரிசைக்குப் போய் முழங்கையால் இடித்தேன். தெரியாத ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறாய், குறி கேட்கப் போகிறாயா என்று கிண்டலாகவும் கேட்டேன்.

"சின்னம்மா, மேட்ட வெட்டுன மண்ணு எங்க போகுது?"

"கண்ணு தெரியலையா உனக்கு? பள்ளத்துக்குப் போகுது."

"நடுவுல ஒரு கூடை மண்ணாவது காணாமப் போகுமா?"

"எப்படிப் போகும்? மலையிலதான எங்கயாச்சும் கெடக்கும்."

"டின்னும் அப்படித்தான்லா. உங்க பத்துப் பேரத் தவிர யாரும் போடல, யாரும் எடுக்கல. ஒன்பது பேரோட மேடும் பள்ளமும் தெரியணும். டின்னுல ஆறு வெள்ளி இருக்கறது தெரியும். மிச்சம் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். அது தானா வந்து நிக்கும். அம்மா வந்து சொல்லணும்னு இல்ல."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தது. நான்கைந்து செடி தாண்டியதும் சட்டென்று புரிந்தது. வேலாயி தன்னோடு கொண்டுபோய்விட்டாள் என்று நாங்கள் நினைத்த கணக்கு எங்கேயும் போகவில்லை. அது எங்கள் ஒன்பது பேரிடமும் ஆளுக்குக் கொஞ்சமாக இருக்கிறது. தெரசம்மாள் வீட்டுக் காலண்டரிலும், பாஞ்சாலை வீட்டுக் கதவுக்குப் பின்னாலும், என் மண்டைக்குள்ளும் வேலாயி துண்டு துண்டாக இருக்கிறாள். சேர்த்து வைத்தால் எழுந்து பதில் சொல்லுவாள். செத்தவளைப் பேச வைக்க உடுக்கை அடிப்பவனைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது வந்த பயம் அங்கே வந்ததில்லை.

"ஸ்கூல்ல தெரியாததுக்கு எக்ஸ்னு பேரு வைப்பாங்க," என்றாள் நீலாவதி. "பள்ளத்துக்கு முன்னாடி ஒரு சின்னக் கோடு போடுவாங்க. நெகட்டிஃப். நான் இந்தத் தடவ எக்ஸுக்குப் பதிலா அம்மான்னு வச்சுக்கிட்டேன்."

ஆனால் சங்கடம் ஒன்று இருந்தது. கணக்குப் பார்க்க வேண்டுமென்றால் எல்லாரும் தங்கள் பள்ளத்தைச் சொல்ல வேண்டும். கத்திக் கேள்வி கேட்ட பாஞ்சாலையே சொல்ல மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன். எனக்குப் பதினான்கு பள்ளம் என்பது என் புருஷன் இராமையாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பதினான்கில் பாதி அவருடைய கள்ளுக்கு ஈடு கட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

நீலாவதி அதையும் யோசித்து வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போனாள். வீட்டுக்கு ஒரு டப்பா வெள்ளை மொச்சை அளந்து கொடுத்தாள். மேடு இருப்பவர்கள் வெள்ளிக்கு ஒரு மொச்சை, பள்ளம் இருப்பவர்கள் வெள்ளிக்கு ஒரு கரித்துண்டு. துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தால் போதும். மொச்சை மிஞ்சினால் குழம்பு வைத்துக்கொள்ளுங்கள், திருப்ப வேண்டாம் என்றாள். கரி எல்லார் அடுப்பிலும் இருக்கிறது. தெரசம்மாள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாளாம். கரியைத் தொட்டால் விரல் காட்டிக் கொடுத்துவிடாதா என்று. நீலாவதி தன் பத்து விரலையும் நீட்டிக் காட்டியிருக்கிறாள். கொழுந்துப் பால் ஏறி நகக்கண் வரைக்கும் கறுத்த விரல்கள். தெரசம்மாள் தன் கையையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கூடினோம். விடுமுறை என்பதால் கணக்கெழுதும் கிராணி இல்லை. ஒரு மூலையில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் வேலாயியின் பறிக்கும் கூடையை வைத்திருந்தாள் நீலாவதி. மொச்சை விழுவதும் கரி விழுவதும் சத்தத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று கூடைக்குள் பழைய சேலையை மெத்தென்று போட்டிருந்தாள். ஒவ்வொருத்தியாகச் சாக்குக்குப் பின்னால் போய் வந்தோம். என் பதினான்கு கரியைக் கொட்டிவிட்டு வெளியே வரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். முந்திப் போய் வந்தவர்களும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாதா கோயில் பூசையில் நன்மை வாங்கிக்கொண்டு வருகிறவளைப் போல் தெரசம்மாள் மட்டும் கைகளைக் கூப்பிக்கொண்டு வந்தாள்.

பிறகு கூடையைத் தார்ப்பாயில் கவிழ்த்தாள். வெள்ளையும் கறுப்புமாகக் குவியல். யாருடையது எது என்று ஆண்டவனுக்கே தெரியாது.

"ஒரு மொச்சையும் ஒரு கரியும் ஜோடியா எடுத்துப் போட்டுக்கிட்டே வாங்க," என்றாள். "ஒருத்தி போட்டத இன்னொருத்தி எடுத்துக்கிட்டா. அவ்வளவுதான். ரெண்டும் சேந்தா ஒண்ணுமில்ல."

ஒன்பது பேரும் தார்ப்பாயைச் சுற்றிக் குந்தினோம். ஒரு கையில் வெள்ளை, ஒரு கையில் கறுப்பு, இரண்டையும் வாளியில் போடு. ஒரு கையில் வெள்ளை, ஒரு கையில் கறுப்பு, வாளியில் போடு. கொழுந்து பறிக்கிற விரல்கள் அல்லவா, வேகம் தானாக வந்துவிட்டது. கோயிலில் கல்யாண ஜோடி போகிற மாதிரி இருக்கிறது என்று தெரசம்மாள் சொல்ல, பத்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தோம். எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. என்னுடைய பதினான்கு பள்ளம், படுத்தால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த அந்தப் பதினான்கு, யாரோ ஒருத்தியின் மொச்சையோடு சேர்ந்து ஒன்றுமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. யாருடைய மொச்சை? இவளுடையதா, அவளுடையதா? நாலு வருஷமாக நாங்கள் ஒருத்தியை ஒருத்தி தாங்கிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

கரி தீர்ந்தது. மொச்சை மட்டும் மிஞ்சியது. நீலாவதி எண்ணினாள். தொண்ணூற்று மூன்று.

மறுபடியும் எண்ணினாள். அதே தொண்ணூற்று மூன்று. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் ஒன்பது பேரும் எடுத்தது போகத் தொண்ணூற்று மூன்று வெள்ளி டின்னில் இருந்தாக வேண்டும். இருந்தது ஆறு.

நீலாவதி எழுந்து போய், மூலையில் தயாராக வைத்திருந்த கரி மூட்டையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தாள். எண்பத்தேழு துண்டு எண்ணி, மொச்சையோடு ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்து வாளியில் போட்டாள். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஆறு மொச்சை நின்றது. அதை எடுத்து டின்னிலிருந்த ஆறு வெள்ளிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சரியா வந்துருச்சு," என்றாள். "அம்மாவுக்கு எண்பத்தேழு பள்ளம். மாசம் பத்து வெள்ளியா நான் நெரப்பிடறேன்."

கொட்டகையின் தகரத்தில் மழை விழத் தொடங்கியது. வாசலில் நின்றிருந்த நல்லுசாமி தொப்பியை மாட்டிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். பாஞ்சாலை சரி என்றாள். கருமாதிக்கு வருகிறோம் என்றும் சொன்னாள். அவள் ஜெயித்தவள் மாதிரிப் பேசவில்லை. வாளியில் கிடந்த மொச்சையையும் கரியையும் பார்த்துக்கொண்டே பேசினாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு அழகான ஒன்று எதற்கு இப்படிப் போய் முடிய வேண்டும்? வீட்டுக்கு நடக்கும்போது நீலாவதியைப் பிடித்து நிறுத்தினேன். உங்கம்மா எடுத்திருப்பாளா, நீ நம்புகிறாயா என்று கேட்டேன்.

"தெரியல சின்னம்மா," என்றாள். "நமக்குப் பிடிச்ச மாதிரி வந்தா மட்டும் ஒத்துக்கறதுக்குப் பேரு கணக்கு இல்ல."

சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். எண்பத்தேழு வெள்ளி என்றால் அவளுக்கு ஒரு மாசச் சம்பளத்தில் முக்கால்வாசி. பின்னால் போய்க்கொண்டிருந்த எனக்கு அவள் முதுகைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை விடியவில்லை, பெரட்டுக்கு மணி அடிக்கவில்லை, நீலாவதி என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு மாவுப் பை. அவர்கள் வீட்டு வாசற்படியில் இருந்ததாம். பிரித்தேன். கரி. துக்க வீட்டுக்கு யாரோ அடுப்புக் கரி கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், நல்ல மனசு, எடுத்துக்கொள் என்றேன். அவள் பையை என் அடுப்படியில் கவிழ்த்தாள். அடுப்புக்கென்று வைத்தவர்கள் இப்படி உடைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் மொச்சை அளவுக்கு, ஒரே சீராக உடைக்கப்பட்டிருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். நூற்று இருபது.

எண்ணி முடித்ததும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"யாரோ கரி போட வேண்டிய எடத்துல மொச்சை போட்டிருக்காங்க சின்னம்மா. அறுபது."

"அறுபதுன்னா அறுபது கரிதான வைக்கணும்? எதுக்கு நூத்திருபது?"

"அறுபதடி பள்ளத்துல நிக்கிறவ, அறுபதடி மேட்டுல நிக்கிறதா சொல்லிட்டா. மேட்டுலருந்து தரைக்கு வர அறுபது எறங்கணும். அப்புறம் தன்னோட பள்ளத்துக்குப் போக இன்னொரு அறுபது."

நான் அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தி. சாக்குக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்திலும், கரியை எடுத்து வர அவளுக்கு மனசு கூசியிருக்கிறது. மொச்சையைக் கொட்டிவிட்டு வந்து எங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அப்புறம் ஒரு சின்னப்பெண் தன் அம்மாவின் தலையில் எண்பத்தேழைத் தானே எண்ணி வைப்பதைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குப் போனவளுக்குச் சோறு இறங்கியிருக்காது. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கரியை உடைத்திருக்கிறாள். முதலில் அறுபதுதான் உடைத்திருப்பாள். அது போதாது, இன்னும் அறுபது வேண்டும் என்று எந்த இடத்தில் அவளுக்குத் தெரிந்தது? பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லிக் கொடுத்தா? தான் எங்கே நிற்கிறோம், எங்கே நிற்பதாகச் சொன்னோம், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவளுக்கு உடம்பிலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

நீலாவதி நேற்றைய தொண்ணூற்று மூன்று மொச்சையையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று என்று மறுபடியும் ஜோடி சேர்த்தோம். இந்தத் தடவை மொச்சைதான் முதலில் தீர்ந்தது. இருபத்தேழு கரி மிஞ்சியது. நாங்கள் ஒன்பது பேரும் சேர்ந்து இருபத்தேழு பள்ளம். போட்டதைவிட இருபத்தேழு வெள்ளி அதிகமாக எடுத்திருக்கிறோம். டின்னில் ஒன்றுமே இருக்கக் கூடாது. ஆனாலும் ஆறு வெள்ளி இருக்கிறது.

"இருபத்தேழும் இந்த ஆறும் சேந்து முப்பத்து மூணு," என்றாள் நீலாவதி. "அம்மாவுக்கு முப்பத்து மூணு மேடு."

பெரட்டு மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அவள் அப்பாவிடம் சொல்லப் போனபோது நானும் கூடப் போனேன். நல்லுசாமி அடுப்பருகே குந்திக் கட்டங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் குவளையைக் கீழே வைத்தார். பிறகு அந்த வெள்ளாடு என்றார். போன தீபாவளிக்கு முன்னால் வேலாயி தான் வளர்த்த வெள்ளாட்டைக் கோலா தெர்லாக்காரன் ஒருவனுக்கு நாற்பது வெள்ளிக்கு விற்றாள். காசு எங்கே என்று இவர் கேட்டதற்கு, செலவாயிடுச்சு என்று மட்டும் சொன்னாள். அண்ணன்காரனுக்குக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்து ஒரு மாசம் இவர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. அந்த மழைக்காலத்தில்தான் லயத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து ஆளாளுக்கு டின்னைத் தேடி ஓடினோம். டின்னில் காசு இல்லை என்று அவள் ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

"நாப்பது போட்டிருந்தா, நடுவுல ஏழு வெள்ளி அம்மா தனக்குன்னு எடுத்திருக்கு," என்றாள் நீலாவதி. "எதுக்குன்னு தெரியல."

நாங்கள் மூன்று பேரும் யோசித்துப் பார்த்தோம். வேலாயியின் உடம்பிலோ வீட்டிலோ புதுசாக ஒன்றும் இருந்ததில்லை. அந்த ஏழு வெள்ளி என்ன ஆனது என்று எங்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவளுக்கென்று ஏழு வெள்ளிக்கு ஏதோ ஒரு ஆசை இருந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் நீலாவதி எல்லாரையும் நிறுத்தினாள். மாவுப் பையைத் தார்ப்பாயில் கவிழ்த்தாள். தங்கள் வாசலில் இருந்தது, நூற்று இருபது என்றாள். என்ன அர்த்தம் என்று சாலை வெட்டுகிற மண்ணைக் காட்டி விளக்கினாள். யார் வைத்தது என்று கேட்கவில்லை, யாரையும் உற்றுப் பார்க்கவும் இல்லை. ஆனால் பெண்கள் சும்மா இருப்பார்களா, ஒருத்தி விரலை ஒருத்தி பார்த்தோம். பதினெட்டுக் கையும் ஒரே கறுப்பு.

பாஞ்சாலை முன்னால் வந்து தானே எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நம்மதான் அவ காச தின்னுருக்கோம்," என்றாள்.

எங்கள் ஒன்பதில் ஒருத்தியான அம்மாக்கண்ணு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவளாக இருக்குமோ என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி தெரசம்மாளாக இருக்குமோ என்று நினைத்தேன். பாஞ்சாலையாகவே ஏன் இருக்கக் கூடாது என்றும் தோன்றியது. அதற்குப் பிறகு நினைப்பதை விட்டுவிட்டேன். அடுத்தவள் பள்ளத்தை எட்டிப் பார்க்கக் கூடாது.

கருமாதி சனிக்கிழமை நடந்தது. பாஞ்சாலை விடியற்காலையிலேயே வந்து சோற்றுப் பானையை ஏற்றினாள். லயமே வந்து உட்கார்ந்து உண்டது. மேல் லயத்திலிருந்தும் வந்தார்கள். பந்தி முடிந்த பிறகு வேலாயியின் முப்பத்து மூன்றை எப்படித் திருப்புவது என்று பேச்சு வந்தது. டின்னில் இருக்கும் ஆறோடு ஆளுக்கு மூன்று வெள்ளி போட்டு இப்போதே நல்லுசாமியிடம் கொடுத்துவிடலாம் என்றாள் பாஞ்சாலை. நல்லுசாமி வேண்டாம் என்று கையை ஆட்டினார். நீலாவதியைப் பார்த்தோம். அம்மா மேடு அப்படியே இருக்கட்டும், டின் அது மேலதான் நிக்குது என்றாள். அடுத்த சம்பளத்துக்கு டின்னைத் திறந்தபோது எங்களில் ஒருத்தி இருபது வெள்ளி போட்டிருந்தாள். அவ்வளவு பெரிய தொகை அதற்கு முன்னால் யாரும் போட்டதில்லை. எல்லாரும் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்ததால் யார் போட்டது என்று தெரியவில்லை.

கருமாதி கழிந்த திங்கட்கிழமை எங்களுக்கு இடுகாட்டுக்கு மேலே இருக்கும் சரிவில் வேலை. நாலு நாள் மழை பெய்து அன்றைக்குத்தான் வெறித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் வேலாயியின் குழி மட்டும் புதுசாக, சிவப்பாகத் தெரிந்தது. நீலாவதி பக்கத்து வரிசையில் வாயைத் திறக்காமல் பறித்துக்கொண்டிருந்தாள். வரிசை முடியும் இடத்தில் நின்றாள்.

"சின்னம்மா, அன்னைக்கு நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன். தோண்டுன மண்ணத்தான் திருப்பிப் போட்டாங்க. வெளியிலருந்து ஒரு கூடை மண்ணுகூடக் கொண்டாரல."

"ஆமா."

"எடுத்தத எடுத்த எடத்துலயே போட்டா தரை மட்டமாத்தான இருக்கணும்?"

மண்ணோடு அவளும் அல்லவா உள்ளே இருக்கிறாள். கீழே பார்த்தேன். நாலு நாள் மழைக்குப் பிறகும் அது கரையாமல் இருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு, முழங்கால் உயரத்துக்கு மேடு.

நீலாவதி கூடையை முதுகிலிருந்து இறக்கி என் பக்கத்தில் வைத்தாள். செடிகளை விலக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். கங்காணி எங்கிருந்தோ கூப்பிட்டார், அவள் திரும்பவில்லை. கீழே போய் மேட்டருகில் குந்தினாள். கறுத்த விரல்களை விரித்து இரண்டு கையையும் அந்த ஈர மண்ணின் மேல் வைத்து, அசையாமல் இருந்தாள்.